பூண்டிக்கு மீன் சாப்பிடப் போகிறவர்களுக்கு

சென்னைக்காரர்களுக்குப் பூண்டி என்றால் இரண்டு விஷயம்தான். ஒன்று, கோடையில் ஏரியில் தண்ணீர் எத்தனை அடி இருக்கிறது என்று பேப்பரில் வரும் கணக்கு. இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரையில் மசாலா தடவிச் சுடச்சுடப் பொரித்துத் தரும் மீன். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-ல் கட்டிமுடிக்கப்பட்ட நீர்த்தேக்கம் இது. இதற்காகப் பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தி அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். அவர் பெயரைத்தான் ஏரிக்கு வைத்திருக்கிறார்கள்.

மீன் தின்று கை கழுவிவிட்டு வண்டியைக் கிளப்புகிறவர்களில் பலருக்கு, இதே ஊரில் ஒரு சிறிய அரசுக் கட்டடம் இருப்பது கண்ணிலேயே படுவதில்லை. தமிழ்நாடு தொல்லியல் துறை 1985-ல் அமைத்த தொல்பழங்கால அகழ்வைப்பகம் அது. உள்ளே நுழைந்ததும் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஐம்பொன் சிலை கிடையாது, ராஜாவின் வாள் கிடையாது, பொற்காசு கிடையாது. பெட்டிக்குப் பெட்டி கல். கூட வந்த பிள்ளைகள் இரண்டாவது நிமிடத்தில் "போலாமா?" என்று கேட்பார்கள்.

அந்த நேரத்தில் அவர்களை ஒரே ஒரு கைக்கோடரியின் முன்னால் நிறுத்துங்கள். பழுப்பேறிய குவார்ட்சைட் கல், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். ஒரு முனை கூர்ந்து, மறுமுனை தடித்து, பிடிக்க வாகாக இருக்கும். மேல்பரப்பில் சிறு சிறு குழிவுகள் தெரியும். சிப்பியின் உட்புறம்போல வழவழவென்று உட்குழிந்த அந்த ஒவ்வொரு தடமும் ஒரு அடி. இன்னொரு கல்லால் விளிம்பில் ஓங்கித் தட்டி, ஒரு சில்லைப் பெயர்த்து எடுத்த அடையாளம். ஒரு பக்கம் தட்டிவிட்டுக் கல்லைத் திருப்பி மறுபக்கம் தட்டியிருக்கிறார்கள். இரண்டு வரிசைத் தடங்களும் சந்திக்கும் இடத்தில்தான் கூர்விளிம்பு உருவாகிறது. ஆற்றில் உருண்டு வந்த கல்லுக்கு இந்த ஒழுங்கு வராது. பையனையோ பெண்ணையோ அடிகளை எண்ணச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து எண்ணுவதற்குள், "இதை யார் செஞ்சது?" என்ற கேள்வி தானாக வரும்.

இதே கேள்வியோடு 160 ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கம் அலைந்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ஆங்கிலேயர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், சரளை தோண்டிய குழி ஒன்றில் அவர் கையில் ஒரு கல்லாயுதம் சிக்கியது. பிரான்ஸின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்த கல்லாயுதங்கள் உண்மையிலேயே ஆதிமனிதர்கள் செய்தவைதாம் என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டு அப்போது நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஃபூட் அந்தச் செய்திகளை எல்லாம் படித்திருந்ததால் கல்லைத் தூக்கி எறியவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் சக நிலவியலாளர் வில்லியம் கிங்குடன் கொசஸ்தலைப் பகுதிக்கு வந்தார். அத்திரம்பாக்கம் ஓடைக்கரையில் கருவிகள் ஒன்றிரண்டல்ல, குவிந்து கிடந்தன. இந்தியத் தொல்பழங்கால ஆய்வு என்ற துறையே அந்த ஆண்டில் தொடங்கியதாகத்தான் சொல்கிறார்கள்.

அத்திரம்பாக்கம் பூண்டிக்குப் பக்கத்து ஊர். வயல், புதர், மழைநீர் அரித்த செம்மண் ஓடை. கோபுரமும் கோட்டையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். அதனால்தான் அகழ்வைப்பகத்தை முதலில் பாருங்கள் என்கிறேன். கண் ஒருமுறை பழகிவிட்டால், ஓடைக்கரையின் வெட்டு முகத்தில் களிமண், சரளை, செம்மண் என்று அடுக்கடுக்காக இருப்பது தானாகத் தெரியும்.

அந்த அடுக்குகளைத்தான் சென்னையைச் சேர்ந்த சர்மா மரபுக் கல்வி மையத்தின் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 1999 முதல் பொறுமையாகத் தோண்டிப் படித்தார்கள். அடியிலிருந்த களிமண் அடுக்கில் கிடைத்த கருவிகளுக்கு வயது கண்டுபிடிக்க அவர்கள் கையாண்ட வழி சுவாரசியமானது. வெட்டவெளியில் கிடக்கும் கல்லின்மீது விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் ஓயாமல் பாய்கின்றன. அதனால் கல்லிலுள்ள குவார்ட்ஸில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு கதிரியக்க ஐசோடோப்புகள் மிக நுண்ணிய அளவில் உண்டாகின்றன. கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் கதிர் எட்டாது, புதிதாக எதுவும் சேராது. இருப்பவை மட்டும் அழிந்துகொண்டே போகும். அலுமினியம் வேகமாக அழியும், பெரிலியம் மெதுவாக. இன்று இரண்டும் எந்த விகிதத்தில் மிஞ்சியிருக்கின்றன என்று அளந்தால், கல் புதைந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று தெரிந்துவிடும். மண்ணில் பதிந்திருக்கும் காந்தத் திசையையும் வைத்துச் சரிபார்த்தார்கள். 2011-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வந்தது: குறைந்தது 10 லட்சம் ஆண்டுகள், சராசரிக் கணக்கில் சுமார் 15 லட்சம். தெற்காசியாவின் கற்கால வரலாற்றை அது பல லட்சம் ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளியது.

2018-ல் இதே குழு 'நேச்சர்' இதழில் இன்னொரு முடிவை வெளியிட்டது. பெரிய கைக்கோடரிகளைக் கைவிட்டு, திட்டமிட்டுச் சில்லு பெயர்த்துச் சிறு கருவிகள் செய்யும் இடைப்பழங்கற்கால நுட்பம் இங்கே ஏறக்குறைய 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது என்றார்கள். அந்த நுட்பம் மிகப் பிந்தித்தான் இந்தியாவுக்குள் வந்தது என்ற பழைய கருத்து இதனால் ஆட்டம் கண்டது.

"15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்த தமிழன்" என்று இந்த ஊரைப் பற்றி வாட்ஸ்அப்பில் எதுவும் வந்தால் அப்படியே அழித்துவிடுங்கள். நம்முடைய மனித இனமே தோன்றி சுமார் மூன்று லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. இந்தக் கோடரிகளைச் செய்தவர்கள் நமக்கும் முந்தைய வேறொரு மனித இனத்தார். அவர்களுடைய எலும்பு எதுவும் அத்திரம்பாக்கத்து அகழாய்வில் கிடைக்கவில்லை. விலங்குகளின் பற்கள் சிலவும், களிமண்ணில் அழுந்திய குளம்புத் தடங்களும்தான் கிடைத்தன. ஈர நிலத்தில் மந்தைகள் நடமாடியிருக்கின்றன. அவற்றோடு நம் ஆட்களும் இருந்திருக்கிறார்கள். பெயர் சூட்ட முடியாத ஆட்கள்.

கால்வலி பொறுப்பவர்கள் குடியம் குகைகளுக்கும் போகலாம். குடியம் ஊரிலிருந்து அல்லிக்குழி மலைப் பக்கமாக, முட்புதர்க் காட்டுக்குள் சில கிலோமீட்டர் நடை. தனியாகப் போக வேண்டாம். பாதை பிரிந்து பிரிந்து போகிறது. உள்ளூர் ஆள் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்வதும், வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் நல்லது. போய்ச் சேர்ந்தால், குகை என்பதைவிடப் பெரிய பாறைத் தாழ்வாரம் என்று சொல்லத்தக்க இடங்கள். இந்தியத் தொல்லியல் துறை 1960-களில் இங்கே அகழ்ந்து பார்த்துக் கற்கருவிகளை எடுத்திருக்கிறது. ஓவியம் எதையும் தேடாதீர்கள். பாறையைப் பாருங்கள். உருண்டு தேய்ந்த கூழாங்கற்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று இறுகி, ஒரு பழைய ஆற்றுப்படுகையைத் தூக்கிச் சுவராக நிறுத்தியதுபோல இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை குவார்ட்சைட். பூண்டியில் பெட்டிக்குள் பார்த்தீர்களே, அந்தக் கோடரிகளுக்கான மூலக்கல் இந்த மாதிரிப் பாறையிலிருந்து உதிர்ந்ததுதான். அத்திரம்பாக்கத்துக் களிமண்ணில் இவ்வளவு பெரிய கல் கிடையாது. வேண்டிய கல்லைத் தேர்ந்து அங்கே சுமந்து போயிருக்கிறார்கள்.

பாறைத் தாழ்வாரங்களில் ஒன்றில் மணச்சம்மன் இருக்கிறாள். சுற்றுவட்டார மக்கள் கும்பிடும் சாமி. ஆராய்ச்சியாளர்கள் வருவதற்கு முன்பே அந்த இடத்தை இடமாக வைத்துக் காத்தவர்கள் அவர்கள்தான் என்பது என் எண்ணம். செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள், பாறையில் பெயர் கிறுக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஓடைக்கரையில் கருவிபோல ஏதாவது கண்ணில் பட்டால் கை துறுதுறுக்கும். எடுக்காதீர்கள். எந்த அடுக்கில், எந்த மண்ணில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அந்தக் கல்லின் வரலாறு. வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் கல். ஆனால் பழியை முழுக்கப் பார்வையாளர்மேல் போடவும் மனம் வரவில்லை. உலக ஆய்விதழ்கள் பேசும் இடத்துக்கு வழி கேட்டுக் கேட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. எது கருவி, எது சாதாரணக் கல், ஏன் தொடக்கூடாது என்று தமிழில் நான்கு வரி விளக்கம் வழியெங்கும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மார்கழி, தை மாதங்கள் இதற்கு ஏற்றவை. சித்திரை வெயிலில் குடியம் ஏறினால் பாறையைப் பார்க்கத் தெம்பிருக்காது. சென்னையிலிருந்து புறநகர் ரயிலில் திருவள்ளூர், அங்கிருந்து பஸ்ஸில் பூண்டி. அகழ்வைப்பகம் திறந்திருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஃபூட் நாட்டின் பல பகுதிகளில் திரட்டிய கற்கருவிகள் 1904-ல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. அந்த அருங்காட்சியகம் இருக்கும் எழும்பூர் உங்களுக்குப் பக்கம் என்றாலும் அங்கே கடைசியில் போங்கள். ஓடையையும் பாறையையும் பார்த்துவிட்டுப் போனால், அங்கே 'அத்திரம்பாக்கம்' என்று எழுதிய சீட்டு கண்ணில் படும்போது அது எந்த மண், எந்த வளைவு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.