நகர மறுக்கும் இருக்கை: பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ஒரு சிறு பழுது

முப்பது ஆண்டுகளைக் கடந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் நம் நாட்டில் எண்ணிக்கையில் குறைவு. அவற்றின் மீது உரிமையாளர்கள் வைத்திருக்கும் பற்றோ பெரிது. எஞ்சினுக்கும் வண்ணப்பூச்சுக்கும் தாராளமாகச் செலவிடும் அவர்களையும் திகைக்க வைக்கும் பழுது ஒன்று உண்டு. மின்விசையால் முன்னும் பின்னும் நகரும் ஓட்டுநர் இருக்கை, ஒருநாள் அசையாமல் நின்றுவிடுகிறது. உயரமான தந்தை ஓட்டிவிட்டு நிறுத்திய காரை மகள் எடுக்க முடிவதில்லை. பிரேக்கை முழுவதுமாக மிதிக்கக் கால் எட்டாத நிலையில் சாலைக்குச் செல்வது ஆபத்து. ஆகவே, இதை வெறும் வசதிக் குறைவாக எண்ணித் தள்ளிவிட இயலாது.

பணிமனையில் பெரும்பாலும் கிடைக்கும் விடை, சுவிட்ச் தொகுதியையே மாற்ற வேண்டும் என்பதுதான். 1989-இல் அறிமுகமான மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்எல், அதே காலத்துப் போர்ஷே 911 போன்ற கார்களுக்குரிய இத்தகைய பாகங்கள் உள்ளூர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலையுடன் சரக்குக் கட்டணமும் சுங்க வரியும் சேரும். பயன்படுத்திய பாகத்தை வாங்கினாலோ, அதுவும் நம் சுவிட்சின் வயதையே உடையதாக இருக்கும். எனவே, பணம் செலுத்துமுன் மின்னோட்டம் எந்த இடத்தில் தடைப்படுகிறது என்பதைக் கண்டறிவதே முறை.

நினைவு வசதி இல்லாத பழைய இருக்கைகள் பலவற்றில் அமைப்பு எளிமையானது. ஓய்வு நிலையில் மோட்டாரின் இரு கம்பிகளும் சுவிட்சின் வழியே காரின் உடற்பகுதியுடன், அதாவது பேட்டரியின் எதிர்முனையுடன், இணைந்திருக்கும். சுவிட்சை ஒருபுறம் தள்ளினால் ஒரு கம்பிக்கு 12 வோல்ட் கிடைக்கும். மறுபுறம் தள்ளினால் மற்றொன்றுக்குக் கிடைக்கும். மோட்டார் சுழலும் திசை இவ்வாறே மாறுகிறது. இதிலிருந்து பயனுள்ள ஓர் உண்மை புலப்படும்: இருக்கை முன்னே நகர்ந்து, பின்னே மட்டும் நகரவில்லையென்றால், ஃபியூஸும் மோட்டாரும் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே உள்ளன, குற்றம் சுவிட்சினுள் இருக்கும் தொடுமுனையில்தான். எத்திசையிலும் அசைவில்லை, ஆனால் பொத்தானை அழுத்தும்போது காரினுள் எரியும் விளக்கு சற்று மங்குகிறது என்றால், மின்சாரம் மோட்டாரை அடைகிறது. தண்டவாளத்திலோ பற்சக்கரத்திலோ ஏதோ இறுகியிருக்கிறது. இவ்விரண்டு சோதனைகளுக்கும் கருவி எதுவும் தேவையில்லை.

தொடுமுனைகள் கெடுவது ஏன்? இவ்வமைப்பில் மோட்டாரின் முழு மின்னோட்டமும் சுவிட்சின் வழியே செல்கிறது. பொத்தானை விடும் ஒவ்வொரு முறையும் சிறு தீப்பொறி எழுந்து, உலோகத்தில் கரியைப் படியச் செய்கிறது. தொழிற்சாலையில் இட்ட கிரீஸ் காலப்போக்கில் இறுகிவிடுகிறது. மும்பை, கொச்சி போன்ற கடற்கரை நகரங்களின் ஈரக்காற்று செம்பை மேலும் கறுக்கச் செய்யும். மாதக்கணக்கில் உறையிட்டு நிறுத்தப்பட்ட கார்களில்தான் இத்தொல்லை மிகுதி என்பது வியப்பளிக்கலாம். முனைகள் ஒன்றோடொன்று உரசும்போது தாமாகவே ஓரளவு தூய்மையாகின்றன, பயன்பாடில்லாத காரில் அதற்கும் வழியில்லை.

பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். ரேடியோவுக்கு இரகசிய எண் உண்டெனில், முன்னரே குறித்து வைத்துக்கொள்வது நலம். இருக்கையின் கீழே மஞ்சள் நிற இணைப்பு தென்பட்டால் அது பெரும்பாலும் காற்றுப்பையைச் சார்ந்தது. அதில் மல்டிமீட்டரை வைக்கவே கூடாது. கம்பிகளின் நிறமும் இடமும் தெரியக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு, சுவிட்சை ஓர் ஒளிபுகும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துத் திறப்போம். உள்ளிருக்கும் சிறு சுருள்வில்லும் எஃகுக் குண்டும் துள்ளியோடி மறைவதில் வல்லவை. பை இல்லாவிட்டால் அரைநாள் தரையில் தவழ நேரிடும்.

இறுகிய கிரீஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியும் நீக்கிவிடும். கரி போகாத இடத்தில் 1000 எண்ணுக்குக் குறையாத நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தேய்க்கலாம். அழுத்தித் தேய்த்தால் வெள்ளிப்பூச்சு போய்விடும். அதன்பின் பழுது விரைவில் திரும்பும். மின் தொடுமுனைகளுக்கென விற்கும் கிரீஸை மிக மெல்லியதாகப் பூசினால் போதும். இப்பொருள்களும் ஸ்ப்ரிங், சாலிடர் போன்றவையும் மும்பையின் லாமிங்டன் சாலையிலும் பெங்களூரின் எஸ்.பி. சாலையிலும் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கக்கூடியவை.

மூடுமுன் ஒரு சோதனை. மல்டிமீட்டர் "இணைப்பு உண்டு" என ஒலிப்பதை மட்டும் நம்பலாகாது. ஒரு நூலளவு உலோகம் தொட்டாலே அது ஒலித்துவிடும். மோட்டார் கோரும் மின்னோட்டத்தை அந்த நூல் தாங்காது. பிரேக் விளக்கில் உள்ள 21 வாட் பல்பை மோட்டாருக்குப் பதிலாக இணைத்து, இரு திசைகளிலும் முழு ஒளியுடன் எரிகிறதா எனப் பார்ப்பது நம்பகமானது.

மீண்டும் மீண்டும் ஃபியூஸ் எரிந்தால் கூடுதல் ஆம்பியர் ஃபியூஸைப் பொருத்தும் வழக்கம் சிலரிடம் உண்டு. கம்பி உருகி இருக்கையே தீப்பற்றக் காரணமாகும் செயல் அது. நினைவு வசதியுள்ள இருக்கைகளில் சுவிட்ச் ஒரு கட்டுப்பாட்டுக் கருவிக்கு ஆணையிடுவதோடு நின்றுவிடுகிறது; அங்கே குற்றம் அக்கருவியின் சாலிடரில் இருக்கக்கூடும் என்பதால் தேர்ந்த மின்பணியாளரை நாடுவதே சரி.

காப்பீடு குறித்தும் ஒரு சொல். வழக்கமான மோட்டார் காப்பீட்டில் தேய்மானமும் மின்பழுதும் சேராதவை, இச்செலவு உரிமையாளருடையதே. ஆயினும், ஐந்து ஆண்டுகளைக் கடந்த வாகனத்தின் காப்பீட்டு மதிப்பு, நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்வதாகும். பழுது நீக்கியபோது எடுத்த படங்களையும் ரசீதுகளையும் தேதியுடன் ஒரு கோப்பில் வைத்திருந்தால், புதுப்பிக்கும் வேளையில் அவற்றை முன்வைத்துப் பேசலாம்.