அடிப்பிடிச்ச பாத்திரத்தைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

மாசச் சம்பளம் எந்தெந்த ஓட்டை வழியா ஒழுகுதுன்னு நம்ம சேனல்ல நிறைய பேசியிருக்கோம். கிரெடிட் கார்டு, வண்டி இஎம்ஐ, வார இறுதிச் செலவு எல்லாம் பார்த்தாச்சு. இன்னிக்குப் பார்க்கப் போறது சமையல்கட்டுல இருக்கிற ஒரு ஓட்டை. சின்னதுதான், ஆனா எனக்கு அது நல்லாவே வலிச்சது.

கல்பாக்கம் பக்கத்துல புதுப்பட்டினத்துல நான் வாடகைக்கு இருந்த காலம். ஒரு ரூம், மூணு பேர், ஒரு சின்ன அடுப்படி. எங்ககிட்ட இருந்த ஒரே பெரிய பாத்திரம் எவர்சில்வர். காலையில அதுல பால், ராத்திரி அதுலேயே சாதம். அம்மா பேரும் கல்யாணத் தேதியும் வெட்டின பாத்திரம் அது, ஊர்லேருந்து கிளம்பும்போது கொடுத்துவிட்டாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை பாலை அடுப்புல வச்சுட்டு போன் பேச மாடிக்குப் போனேன். திரும்பி வந்தப்போ பால் இல்லை, புகை மட்டும்தான் இருந்துச்சு. அடியில கறுப்பா தார் ரோடு மாதிரி ஒரு படலம்.

கத்தியால சுரண்டினேன், கம்பி நாரால தேய்ச்சேன், கை வலிச்சதுதான் மிச்சம். கடைசியில அதை ஒரு பையில போட்டு கேட் ஓரமா வச்சுட்டேன். புதுசு வாங்கலாம், ஆனா சம்பளம் வரட்டும்னு தள்ளிப் போட்டோம். அதுவரைக்கும் வெளிச் சாப்பாடு.

இங்கதான் கணக்கைப் பாருங்க. ரூம்ல சமைச்சா காலையும் ராத்திரியும் சேர்த்து எனக்கு ஒரு நாளைக்கு 65 ரூபாய் ஆகும். வெளியில அதே ரெண்டு வேளைக்கு 140. பதினோரு நாள் போச்சு. 140-ஐ 11-ஆல பெருக்கினா 1,540 ரூபாய். சமைச்சிருந்தா 715. அதிகமாப் போனது 825 ரூபாய், அதுவும் எனக்கு மட்டும். மூணு பேருக்கும் போட்டா 2,475. அதே அளவு பாத்திரம் புதுசா கடையில 900 ரூபாய்க்குக் கிடைச்சது! பாத்திரம் வாங்கக் காசில்லைன்னு சொல்லிக்கிட்டே ரெண்டே முக்கால் பாத்திரத்தோட விலையைச் சாப்பிட்டுட்டோம்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்காரம்மா அந்தப் பையைப் பார்த்துட்டு, "இது யார் பேரு தம்பி?"ன்னு கேட்டாங்க. அம்மா பேருன்னு சொன்னேன். "அதைப் போய் குப்பையிலயா வைப்பாங்க?"ன்னு திட்டிட்டு, உள்ள போய் ஆப்ப சோடா டப்பாவை எடுத்துட்டு வந்தாங்க.

அவங்க பண்ணினது இவ்வளவுதான். கறுத்த இடம் முழுகுற அளவுக்குத் தண்ணி, அதுல ரெண்டு மூணு ஸ்பூன் ஆப்ப சோடா, சின்னத் தீயில ஒரு கால் மணி நேரம் கொதி. அடுப்பை அணைச்சுட்டு அப்படியே ராத்திரி முழுக்க விட்டாச்சு. காலையில மரக் கரண்டியால தள்ளினா படலம் தோல் மாதிரி உரிஞ்சு வந்துச்சு. மிச்சம் இருந்த திட்டுக்கு இன்னொரு தடவை கொதிக்க வச்சு, தேங்காய் நாரால தேய்ச்சோம்.

காரணம் ரொம்ப எளிது. அடியில ஒட்டினது பாலோட புரதமும் சர்க்கரையும், தீஞ்சு கரியாகி இருக்கும். சோடா காரத்தன்மை உள்ளது. சூட்டோட சேர்ந்து அது புரதத்தையும் கொழுப்பையும் இளக்குது, பாத்திரத்தோட பிடிப்பு விட்டுப் போகுது. பலத்தைவிட இங்க நேரம்தான் வேலை செய்யுது.

சில வீடியோக்கள்ல சோடாவையும் வினிகரையும் ஒண்ணா ஊத்தி நுரை பொங்கக் காட்டுவாங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா ஒண்ணு காரம், இன்னொண்ணு அமிலம். சேர்ந்தா ஒண்ணையொண்ணு சமன் பண்ணிக்கும், மிஞ்சுறது பெரும்பாலும் உப்புத் தண்ணிதான். தனித்தனியாப் பயன்படுத்துங்க. கரிக்கு சோடா. சூட்டால எவர்சில்வர்ல வர்ற நீல, வானவில் நிறத்துக்கும், போர் தண்ணியால வர்ற வெள்ளைத் திட்டுக்கும் வினிகர் அல்லது எலுமிச்சை. இன்னொரு முக்கியமான விஷயம், ப்ளீச்சைப் பாத்திரத்துக்கு எடுக்கவே எடுக்காதீங்க. எவர்சில்வர்ல புள்ளி புள்ளியா குழி விழும். ப்ளீச்சோட வினிகர் சேர்ந்தா குளோரின் வாயு வரும், அது விஷம்.

எல்லாப் பாத்திரத்துக்கும் இதே வைத்தியம் கிடையாது. அலுமினியம், இண்டாலியம்னா சோடா பக்கமே போகாதீங்க, காரம் அலுமினியத்தை அரிச்சுக் கறுக்க வச்சிடும். அதுக்குப் புளி கரைச்ச தண்ணியோ எலுமிச்சையோ ஊத்திக் கொதிக்க வைங்க. இரும்பு வாணலி, தோசைக்கல் தீஞ்சுட்டா பயமே வேணாம். சுரண்டி, கழுவி, உடனே துடைச்சு, அடுப்புல காய வச்சு, நல்லெண்ணெய் மெல்லிசாத் தடவிச் சூடு பண்ணுங்க. ரெண்டு மூணு தடவை இப்படிப் பண்ணினா கல் திரும்பப் பழகிடும். நம்ம மாதிரி கடலோரத்துல இருக்கிறவங்க இரும்பை ஈரத்தோட ஒரு ராத்திரி விட்டாலே காலையில துரு தெரியும். நான்-ஸ்டிக்னா வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில ஊற வச்சு ஸ்பாஞ்சால மட்டும் துடைங்க. பூச்சு உரிய ஆரம்பிச்சுட்டா அதைக் காப்பாத்தற வேலை வேணாம், மாத்திடுங்க. ரசம் வைக்கிற ஈயச் சொம்பு இருக்கே, அது வெள்ளீயம். 232 டிகிரியிலேயே உருகிடும். காலியா அடுப்புல வச்சு மறந்துட்டா சுத்தம் பண்ண சொம்பே இருக்காது.

சூடா இருக்கிற பாத்திரத்துல பச்சைத் தண்ணி ஊத்தறதையும் நிறுத்துங்க. அடி நெளிஞ்சுடும். நெளிஞ்ச பாத்திரம் அடுப்புல சரியா உட்காராது, அப்புறம் அடிக்கடி பிடிக்கும்.

சரி, வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

எவர்சில்வர் ஏன் இவ்வளவு சுலபமா அடிப்பிடிக்குது தெரியுமா? அது சூட்டைப் பரப்புறதுல ரொம்ப மந்தம். அலுமினியம் அதைவிட ஏறக்குறைய 15 மடங்கு வேகமாச் சூட்டைக் கடத்தும். மெல்லிசான எவர்சில்வர்ல தீ படுற இடம் மட்டும் கொதிக்கும், மத்த இடம் சும்மா இருக்கும். அதனால அடி கனமாப் பாருங்க. ட்ரை-பிளைன்னு விக்கிறது நடுவுல அலுமினியம், வெளியிலயும் உள்ளேயும் எவர்சில்வர்னு மூணு அடுக்கு. விலை கூட. ஆனா பாலும் பாயசமும் அடிக்கடி வைக்கிற வீடுன்னா அந்தக் காசு வீண் இல்லை.

எவர்சில்வரை நம்ம ஊர் பாத்திரக்கடைகள்ல இன்னும் எடை போட்டுத்தான் கொடுக்கிறாங்க. அது நமக்கு நல்லது. கிலோ என்ன விலைன்னு ரெண்டு கடையில கேளுங்க, பெட்டியில இருக்கிற ஆஃபர் ஸ்டிக்கரோட ஒப்பிடுங்க. கிரேடும் கேளுங்க. 304-ன்னா குரோமியம் சுமார் 18, நிக்கல் சுமார் 8 சதவீதம். 202-ல நிக்கலைக் குறைச்சு மாங்கனீசு சேர்த்திருப்பாங்க, விலை குறைவு, துருவைத் தாங்கறதும் குறைவு. காந்தம் ஒட்டலைன்னா நல்ல எவர்சில்வர்னு ஒரு நம்பிக்கை இருக்கு. அது பாதிதான் சரி. 202-லயும் காந்தம் ஒட்டாது. இண்டக்ஷன் அடுப்பு வச்சிருக்கிறவங்களுக்கோ அடியில காந்தம் ஒட்டியே ஆகணும், இல்லைன்னா பாத்திரம் சூடாகாது.

தோசைக்கு என்ன வாங்கலாம்? நான் வாங்கின நான்-ஸ்டிக் தவா 750 ரூபாய், ஒன்றரை வருஷத்துல பூச்சு போச்சு. வாரம் அஞ்சு நாள்னு வச்சா 390 தடவை, ஒரு தடவைக்கு ஏறக்குறைய 2 ரூபாய். அப்புறம் வாங்கின இரும்புக் கல் 600. பத்து வருஷம் வந்தா 2,600 தடவை, ஒரு தடவைக்கு 23 பைசா. கடைசியில எடைக்குப் போட்டாலும் ஏதோ கிடைக்கும். ஆனா நியாயமாச் சொல்லணும்னா, இரும்புக் கல் முதல் ரெண்டு வாரம் உங்களை அழ வைக்கும். காலையில ஏழு மணி ஷிஃப்டுக்கு ஓடுறவங்களுக்கு அந்தப் பொறுமை இல்லைன்னா நான்-ஸ்டிக்கே வாங்குங்க. காலியா மட்டும் சூடு பண்ணாதீங்க. 260 டிகிரியைத் தாண்டினா அந்தப் பூச்சு கெட ஆரம்பிக்கும்.

பன்னிரண்டு பீஸ் செட்டை இஎம்ஐல வாங்குறது என் பார்வையில தப்பு. அதுல நாலு பீஸ்தான் அடுப்பைப் பார்க்கும். பாத்திரச் சீட்டு அப்படி இல்லை. மாசம் 300, பன்னிரண்டு மாசம், 3,600 கட்டினா தீபாவளிக்குப் பாத்திரம்னு சொல்வாங்க. அதுல சேரும் முன்னாடி கேட்க வேண்டியது ஒண்ணுதான்: கடைசியில கட்டின காசுக்கு நான் விரும்புற பாத்திரத்தை அன்னிக்குக் கிலோ விலையில எடுத்துக்கலாமா, இல்லை அவங்க குடுக்கிறதைத்தான் வாங்கிக்கணுமா? ரெண்டாவதுன்னா அதே 300-ஐ ஆர்.டி.ல போடுங்க.

குக்கர்ல மட்டும் கஞ்சத்தனம் வேணாம். வீட்டுப் பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், தர எண் ஐ.எஸ். 2347. முத்திரை இல்லாத குக்கரை விக்க விட்டதுக்காக 2022-ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பெரிய ஆன்லைன் தளங்களுக்கே அபராதம் போட்டது. தண்ணி வத்தி குக்கர் தீஞ்சுடுச்சுன்னா கரி போனதோட விட்டுடாதீங்க. காஸ்கெட்டையும் சேஃப்டி வால்வையும் மாத்துங்க. மூடி முன்ன மாதிரி சரியா உட்காரலைன்னா அந்தக் குக்கரை எடைக்குப் போட்டுடுங்க, அதுல சென்டிமென்ட் பார்க்கக் கூடாது. புது காஸ்கெட் வாங்கப் போறப்போ பழசைக் கையோட எடுத்துட்டுப் போங்க. லிட்டர் ஒண்ணா இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும், நான் ரெண்டு தடவை தப்பா வாங்கிட்டு வந்து திரும்ப நடந்திருக்கேன்.