குறட்டையும் ஓட்டுநரின் பகல் உறக்கமும்

நாமக்கல், சங்ககிரி வட்டாரங்களில் லாரித் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். அக்குடும்பத்தாரிடம் நாங்கள் தவறாமல் கேட்பது குறட்டையைப் பற்றி. ஓட்டுநர் தம் குறட்டையை அறியார்; மனைவியோ, வண்டியில் உடன் உறங்கும் கிளீனரோதான் அறிவார். குறட்டை சட்டென நின்று, சிறிது நேரத்தில் திணறலுடன் மீண்டும் எழுகிறதா என்பதைக் கவனியுங்கள். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது; 10 விநாடியேனும் மூச்சு நின்றால் அது உறக்க மூச்சுத்தடை. ஒவ்வொரு தடைக்கும் மூளை அரைகுறையாக விழித்துக்கொள்வதால், எட்டு மணி நேரம் படுத்தவருக்கும் பகலில் கண் சொருகும். ஸ்டியரிங் பிடிப்பவருக்கு இதன் பொருளை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

பெரும்பாலோருக்கு வீட்டிலேயே சோதனை செய்யலாம். விரலில் ஆக்சிஜன் அளவி, மூக்கருகே மெல்லிய குழாய், மார்பில் ஒரு பட்டை. ஊர் திரும்பும் ஓர் இரவு போதும். மணிக்கு 5 தடைகளுக்குக் குறைவு எனில் இயல்பு. 30 எட்டினால் கடுமை. இதய நோய், நுரையீரல் நோய் உடையோருக்கும், வீட்டுச் சோதனையில் தெளிவு கிட்டாதோருக்கும் மூளை அலைகளையும் பதியும் மருத்துவமனைச் சோதனையே உகந்தது.

சிகிச்சையில் முதன்மையானது, 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய சிபாப் கருவி. முகமூடி வழியே செலுத்தப்படும் காற்றழுத்தம் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கிறது. வண்டி பேட்டரியில் இயங்கும் வகைகளும் உண்டு. வேலை போய்விடுமென நோயை மறைப்போர் சிலர். முதல் வாரத்திலேயே கருவியைப் பெட்டியில் கட்டி வைப்போர் பலர். மூக்கு வறட்சியும் காற்றுக் கசிவும் பெரும்பாலும் முகமூடியின் அளவை மாற்றினாலே, காற்றில் ஈரப்பதம் சேர்த்தாலே தீரும். அடுத்த வருகையின்போது கருவியையும் எடுத்து வாருங்கள். ஒவ்வோர் இரவும் எத்தனை மணி நேரம் இயங்கியது என்ற பதிவு அதனுள்ளேயே இருக்கும்.