லாப்ரடார் குட்டிக்குத் தாய்மடியில் எட்டு வாரம்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் லாப்ரடார் குட்டி பதினோரு நாள்தான் உயிரோடு இருந்தது. பெரம்பலூர்ப் பக்கம் ஒருவரிடம் வாங்கியபோது அதற்கு வயது 32 நாள். கண் திறந்துவிட்டது, ஓடியாடுகிறது, பால் ஊற்றினால் நக்குகிறது, வேறென்ன வேண்டும் என்று நினைத்தோம். எட்டாம் நாள் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. மறுநாள் வாந்தி. அதற்கடுத்த நாள் ரத்தம் கலந்த கழிச்சல், குடலைப் புரட்டும் நாற்றம். "பார்வோ" என்றார் மருத்துவர். அந்தச் சொல்லையே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம்.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று லாப்ரடார் வாங்கும் வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குட்டி நினைவுக்கு வருகிறது. குட்டியின் ஆரோக்கியத்தில் பாதி, அது நம் வாசலை மிதிக்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. அதைக் கெடுப்பது பெரும்பாலும் அவசரம்தான். பெட்டையைச் சீக்கிரம் இணைசேர்ப்பது ஓர் அவசரம், குட்டியைச் சீக்கிரம் பிரிப்பது இன்னோர் அவசரம்.

பெட்டைக்கு வயது வந்துவிட்டதா?

லாப்ரடார் பெட்டை ஒரு வயதுக்குள்ளாகவே முதல் பருவத்துக்கு வந்துவிடலாம். அப்போது அதன் எலும்பே இன்னும் முழுதாக முற்றியிருக்காது. 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி, 18 மாதம் நிறையாத பெட்டையை இணைசேர்க்கக் கூடாது. குட்டி விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டு வயது வரை பொறுப்பது நல்லது. லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது. அது இருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் உறுதியாகத் தெரிவது அந்த வயதில்தான். ஆண், பெண் இரண்டுக்கும் இடுப்புப் படம் எடுத்த பிறகே இணைசேர்க்க வேண்டும்.

சின்ன ஊர்களில் இருப்பது நாலைந்து ஆண் லாப்ரடார்கள்தான். அண்ணனும் தங்கையும் தெரியாமலே இணையாகிவிட வாய்ப்பு உண்டு. எனவே ஆண் நாய் யாருடைய குட்டி என்று கேட்டுவிடுங்கள். தெருநாய்களோடு பழகிய ஆணாக இருந்தால், இணைசேர்க்கையில் பரவும் பிறப்புறுப்புக் கட்டி அதற்கு இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும். நம் பகுதி நாய்களிடம் அந்த நோய் அரிதல்ல.

சினைக்காலம் சுமார் 63 நாள். கடைசி மூன்று வாரம் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். கால்சியம் மாத்திரையை மட்டும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். சினையில் கால்சியத்தைக் கொட்டினால், எலும்பிலிருந்து அதை எடுக்கும் பழக்கத்தையே உடல் மறந்துவிடும். குட்டி போட்டு இரண்டு மூன்று வாரத்தில் பால் அதிகம் சுரக்கும்போது ரத்தத்தில் கால்சியம் சரிந்து, தாய்க்கு நடுக்கமும் விறைப்பும் வரும். அப்படி வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது, ஊசி போட்டாக வேண்டும்.

ஈனும் இரவு

பெட்டையின் உடல் சூடு 99 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் ஒரு நாளைக்குள் குட்டி போட்டுவிடும். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். வயிற்றில் இன்னும் குட்டி இருக்க, இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுத்தது வராவிட்டாலும் கூப்பிடுங்கள்.

பிறந்த குட்டிக்குத் தன் உடல் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது. மார்கழி இரவில் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள். சூடு அதிகமானால் விலகிப் படுக்க மற்ற மூலை வேண்டும். சித்திரையில் இதற்கு நேர்மாறு. தகரக் கூரையின் கீழ்க் குட்டிகள் வெந்துபோகும். சில்லிட்டுப்போன குட்டிக்கு முதலில் உடம்பைச் சூடாக்குங்கள், பிறகுதான் பால். குளிர்ந்த வயிற்றில் பால் செரிக்காது. முதல் நாளுக்குள் ஒவ்வொரு குட்டியும் சீம்பால் குடித்துவிட்டதா என்று பார்ப்பது மிக முக்கியம். நோயை எதிர்க்கும் சக்தி அதில்தான் இருக்கிறது. சமையலறைத் தராசில் தினமும் ஒவ்வொரு குட்டியையும் எடை போடுங்கள். பத்து நாளுக்குள் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும். ஏறாத எடைதான் நோயின் முதல் அறிகுறி, அழுகை பிறகுதான் வரும்.

ஏன் எட்டு வாரம்?

மூன்றாவது வாரத்திலிருந்து குட்டிக்குக் காது கேட்கிறது, உலகம் புரியத் தொடங்குகிறது. உடன்பிறந்ததைக் கடித்தால் அது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாயைக் கடித்தால் உறுமல் வரும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி இப்படித்தான் கற்கிறது. ஒரு மாதத்தில் பிரித்துக் கொண்டுவந்தால் அந்தப் பாடத்தை நம் வீட்டுக் குழந்தையின் கையில் கற்கும். எட்டு வாரத்துக்குட்பட்ட குட்டியை விற்பதை மேலே சொன்ன அதே விதிகள் தடுக்கின்றன.

தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி ஆறு வாரத்துக்கும் பதினாறு வாரத்துக்கும் இடையே மெல்லக் குறைகிறது. அது ரத்தத்தில் இருக்கும்வரை தடுப்பூசியை வேலை செய்யவிடாது. எந்த நாளில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் நிறையும்வரை. "ஒரு ஊசி போட்டாச்சு" என்று விற்பவர் சொல்வதைக் கேட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஊசிப் புத்தகத்தில் மருந்தின் ஸ்டிக்கரும் தேதியும் மருத்துவர் கையெழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பார்வோ வைரஸ் 1978இல்தான் உலகுக்குத் தெரிய வந்தது. அதன் பிறகு அது போகாத ஊர் இல்லை. நோய்ப்பட்ட குட்டியின் மலம் பட்ட மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். சாதாரண சோப்புக்கு அது சாகாது, பிளீச் கரைசல் வேண்டும். நாங்கள் தரையை அதில் கழுவி, ஓராண்டு காத்திருந்துதான் அடுத்த குட்டியைக் கொண்டுவந்தோம். வாந்தி, கழிச்சல் கண்ட குட்டிக்கு ஜவ்வரிசிக் கஞ்சியும் குளுக்கோஸும் கொடுத்துப் பொழுதை ஓட்டாதீர்கள். முதல் நாளிலேயே நரம்பில் திரவம் ஏற்றினால் பிழைத்துக்கொள்ளும் குட்டிகள் பல.

குடற்புழு மருந்தை இரண்டாவது வாரத்திலேயே தொடங்க வேண்டும். தாயின் வயிற்றிலும் பாலிலும் இருந்தே புழுக்கள் குட்டிக்கு வந்துவிடுகின்றன. அவை மண்ணில் விளையாடும் குழந்தைகளுக்கும் தொற்றும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில் ஆண்டுதோறும். இதில் சலுகையே கிடையாது.

வெயிலும் உண்ணியும்

வெப்பத்துக்குப் பொருந்தாத ஹஸ்கி, பக், செயின்ட் பெர்னார்டு போன்ற இனங்களைப் பெருக்க, தமிழக அரசின் 2024 நாய் இனப்பெருக்கக் கொள்கை தடை விதித்தது. லாப்ரடார் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் அதன் மூதாதைகள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் வலை இழுத்தவை. இரட்டை ரோமம் அதற்கு. சுண்ணாம்புக்கல் பூமியான அரியலூரில் கத்தரி வெயில் நேரத்து மொட்டைமாடிக் கூண்டு அதைக் கொன்றுவிடும். நாக்கு கருஞ்சிவப்பாகி, தள்ளாடி, மூச்சு வாங்கினால் சாதாரணத் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, மின்விசிறியின் கீழ் வைத்து, உடனே மருத்துவரிடம் போங்கள்.

உண்ணிக் காய்ச்சலில் ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வடியும். மருத்துவர் நான்கு வாரம் மாத்திரை எழுதினால் நான்கு வாரமும் கொடுங்கள். வால் ஆட்டத் தொடங்கியதும் நிறுத்திவிடாதீர்கள். நாயின் மேல் இருப்பதைவிடச் சுவர் விரிசலில் ஒளிந்திருக்கும் உண்ணிகள்தான் அதிகம். மண்ணெண்ணெய் தடவுவதும், மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் குட்டிக்குப் பூசுவதும் விஷம் வைப்பதற்குச் சமம்.

தட்டில் விழும் சாம்பார்

பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் இல்லாத சமையல் உண்டா? மிச்சமான சாம்பார் சாதத்தை நாய்த் தட்டில் போடுவது நம் அன்பின் பழக்கம். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. உடல் எடையில் நூற்றில் அரைப் பங்கு உள்ளே போனாலே ஆபத்து தொடங்கிவிடும். ஐந்து கிலோக் குட்டிக்கு அது 25 கிராம், அதாவது சில சின்ன வெங்காயம்தான். சிறுநீர் பழுப்பாகப் போனால் நேற்று என்ன போட்டோம் என்று யோசியுங்கள்.

மக்காச்சோளமும் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும். ஈரத்தில் பூஞ்சை பிடித்த சோளத்தில் அஃப்ளாடாக்சின் நஞ்சு உண்டாகும். 2020 இறுதியில் அமெரிக்காவில் இந்த நஞ்சு கலந்த நாய்த்தீனியால் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்தன. கல்லீரலைத்தான் அது முதலில் தாக்கும். கோழிக்கு ஆகாத சோளம் என்று நாய்க்குக் கஞ்சி வைக்காதீர்கள். வெள்ளைச் சோறு, மஞ்சள் போட்டு வேகவைத்த எலும்பில்லாக் கோழி, முட்டை, பூசணி எல்லாம் தரலாம். ஆனால் இவை மட்டும் வளரும் குட்டிக்குப் போதாது. அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

கொழுகொழு லாப்ரடார்

லாப்ரடாருக்குப் பசி அடங்காது. பசியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் குறை உள்ள லாப்ரடார்கள் கணிசமாக இருப்பதை 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அது கெஞ்சும் கண்ணோடு வந்து நின்றால் நமக்கு மனம் கேட்காது. 48 லாப்ரடார்களைக் குட்டிப் பருவத்திலிருந்து சாகும்வரை கவனித்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. கூடப் பிறந்ததைவிடக் கால்பங்கு குறைவாகத் தின்றவை சராசரியாக ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுவலியும் தாமதமாகவே வந்தது.

மூன்று மாதத்துக்குள் மாடிப்படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்புக் கோளாறு அதிகம் என்று நார்வேயில் கண்டிருக்கிறார்கள். வழுக்கும் டைல்ஸ் தரையில் பழைய சாக்கு விரியுங்கள், படிக்கட்டில் ஒரு பலகை குறுக்கே வையுங்கள். வாரம் ஒருமுறை குட்டியை நிற்க வைத்து இரு பக்கமும் விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது, விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் நாளையிலிருந்து தட்டில் ஒரு கைப்பிடி குறையட்டும்.