இரவுக் கடலில் படகுக்கு வெளிச்சம்

(வானொலிப் பேச்சு)



கடலோரக் கிராமங்களில் அண்ணன் வயலுக்குப் போவார், தம்பி கடலுக்குப் போவார். வயலுக்குப் போகிறவருக்குப் பொழுது விடிந்தால் வேலை. செவுள் வலை போடுகிறவருக்குப் பொழுது சாய்ந்தால்தான் வேலை. இருட்டில் வலை மீனின் கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் ராத்தொழில். ஆனால் அதே இருட்டில் நம் கண்ணுக்கும் கயிறு தெரியாது, கத்தி தெரியாது, வழுக்கும் பலகை தெரியாது. அதற்குத்தான் விளக்கு.

முன்பு அரிக்கேனும் பெட்ரோமாக்ஸும் கொண்டு போனோம். பிறகு கார் ஹெட்லைட் பல்பு வந்தது. இப்போது எல்.இ.டி. விளக்கு வந்து, பாட்டரிச் செலவைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டது. நல்ல சாதனம்தான். ஆனால் மாட்டுகிற விதத்தில் மாட்ட வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஃபைபர் படகைப் பார்க்கப் போயிருந்தேன். புதிதாக நான்கு எல்.இ.டி. விளக்கு போட்டிருந்தார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை. இரண்டு எரியவில்லை, ஒன்று மினுக்குகிறது. பலகையைத் தூக்கிப் பார்த்தேன். வீட்டுக்குப் போடுகிற ஒயரை முறுக்கி, மேலே டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சைப் பொடியாக உதிருது. பியூஸ் என்பது எங்குமே இல்லை. ஒரு முழம் தள்ளி பெட்ரோல் கேன்! அந்தப் படகில்தான் நான்கு பேர் ராத்திரி ராத்திரி கடலுக்குப் போய்வந்து கொண்டிருந்தார்கள்.

இந்த நிலை உங்கள் படகுக்கு வரக் கூடாது. என்ன செய்யணும் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வேலைக்கு வெளிச்சம், மீனை இழுக்க அல்ல

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் காட்டி மீனைக் கூட்டிப் பிடிப்பதை மத்திய அரசு 2017 நவம்பரில் தடை செய்துவிட்டது. இந்தியாவின் 200 கடல் மைல் பொருளாதார மண்டலத்தில், எந்திரப் படகானாலும் மோட்டார் பொருத்திய படகானாலும், தண்ணீருக்கு மேலே என்றாலும் கீழே என்றாலும், மீனை ஈர்க்கும் விளக்கு கூடாது. காரணம் என்ன? வெளிச்சத்தைக் கண்டு பெரிய மீன் மட்டுமா வருது? குஞ்சும் குளுவானும் சேர்ந்து வரும். விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிட்ட கதைதான் அது.

ஆகவே நாம் பேசுவது படகின் தளத்துக்கான வெளிச்சம் மட்டுமே. விளக்கு தளத்தைப் பார்த்துக் குனிந்திருக்க வேண்டும், கடலைப் பார்த்து நிமிர்ந்திருக்கக் கூடாது.

எத்தனை விளக்கு போதும்?

சாதாரண ஃபைபர் படகுக்கு 15 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு போதும். ஒன்று வலை இழுக்கும் இடத்துக்கு, இன்னொன்று மீன் கழற்றும் இடத்துக்கு.

கணக்கைப் பாருங்கள். பழைய 55 வாட் ஹாலஜன் பல்பு இரண்டு போட்டால் 110 வாட். 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 10 மணி நேரம் எரிந்தால் 90 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். 15 வாட் எல்.இ.டி. இரண்டு என்றால் 30 வாட், இரண்டரை ஆம்பியர், 10 மணி நேரத்துக்கு 25 ஆம்பியர்-மணி. அவ்வளவுதான்.

ஈயப் பாட்டரியைப் பாதிக்குக் கீழே காலி செய்தால் அதன் ஆயுள் சீக்கிரம் முடிந்துவிடும். 100 ஆம்பியர்-மணி பாட்டரியில் 50-ஐத்தான் நம்முடையது என்று வைத்துக்கொள்ள வேண்டும். எல்.இ.டி. போட்டால் அந்த 50-க்குள் ராத்திரி முழுவதும் ஓட்டிவிடலாம். ஒயர்லெஸ் செட்டுக்கும் ஜி.பி.எஸ். கருவிக்கும் தனியாக ஒரு சிறு பாட்டரி இருந்தால் இன்னும் நல்லது. விளக்கு அணைந்தாலும் கரையைக் கூப்பிட வழி இருக்கும்.

எஞ்சினில் சார்ஜ் ஏற்றும் வசதி இல்லாத படகுகள் நிறைய. அவர்கள் 100 வாட் சூரியத் தகடு ஒன்றைச் சார்ஜ் கட்டுப்படுத்தும் கருவியோடு வைத்துக்கொண்டால், நல்ல வெயில் நாளில் ராத்திரி செலவான சார்ஜ் பகலில் திரும்பிவிடும்.

விளக்கு வாங்கும்போது ஐ.பி. 67 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் முக்கினாலும் உள்ளே நீர் போகாது என்று அதற்கு அர்த்தம். 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் விளக்காக இருப்பதும் நல்லது. எஞ்சின் சார்ஜ் ஏற்றும்போது வோல்ட் 14-க்கு மேல் போகும். மட்டமான விளக்கு அதிலேயே போய்விடும்.

ஒயர்தான் வாய்க்கால்

விவசாயிகளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கிணற்றில் தண்ணீர் நிறைய இருக்கிறது, வாய்க்கால் குறுகல், கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருமா? சேராது. மின்சாரமும் அப்படித்தான்.

பாட்டரியிலிருந்து விளக்கு 10 மீட்டர் தூரம் என்றால் போகவும் வரவும் 20 மீட்டர் ஒயர். இரண்டு விளக்குக்கும் சேர்த்து 0.5 சதுர மில்லிமீட்டர் மெல்லிய ஒயரைப் போட்டால் வழியிலேயே ஏறக்குறைய 2 வோல்ட் வீணாகிவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் வீணாவது 0.4 வோல்ட்டுக்கும் குறைவு. ஒருமுறை செய்கிற செலவு. தடித்த ஒயராகவே போடுங்கள்.

ஒற்றைக் கம்பி ஒயர் வேண்டாம். எஞ்சின் அதிர்வில் ஒடிந்துவிடும். பல இழைகள் கொண்ட ஒயர் வேண்டும். அதிலும் ஒவ்வொரு இழைக்கும் வெள்ளீயம் பூசியது படகுக்கென்றே கிடைக்கிறது. இழை வெள்ளையாக இருக்கும். வெறும் செம்பு இழையில் உப்புநீர் ஒரு முனையில் நுழைந்தால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல உள்ளே ஏறிக்கொண்டே போகும்.

இன்னொரு விஷயம். டிராக்டரில் விளக்குக்கு ஒரே ஒயர் போடுவோம்; மற்றது வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத் திரும்பிவிடும். படகில் அப்படிச் செய்யவே கூடாது. ஃபைபரில் மின்சாரம் ஓடாது. இரும்பு, அலுமினியப் படகில் ஓடும். ஆனால் கடல்நீரோடு சேர்ந்து படகின் உடம்பையே அரித்துவிடும். ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு ஒயர் போய்வர வேண்டும். எல்.இ.டி.க்குப் பாஸிட்டிவ், நெகட்டிவ் மாறினால் எரியாது. ஆகவே சிவப்பு, கறுப்பு நிறத்தை மாற்றாதீர்கள்.

மாட்டும் முறை

வேலை தொடங்கும் முன் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். எல்லாம் முடிந்தபின் கடைசியாக அதை மாட்டுங்கள். பெட்ரோல் வாடை அடிக்கும் படகில் ஒரு பொறி போதும்.

இணைப்பு எதையும் கையால் முறுக்கி விடக் கூடாது. ஒயரின் முனையில் லக் வைத்து, அதற்கான இடுக்கியால் நசுக்க வேண்டும். அதன் மேல் உள்ளே பசையுள்ள சுருங்கும் குழாயை மாட்டிச் சூடு காட்டினால், அது சுருங்கி இறுக்கிக்கொள்ளும். நீர் நுழையாது. விளக்குக்குள் ஒயர் போகும் இடத்தில் சற்றுத் தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றுங்கள். வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

ஃபைபரில் துளை போட்டால் அப்படியே விடாதீர்கள். உள்ளே மரமோ பிளைவுட்டோ இருந்தால் நீர் இறங்கி ஊறிவிடும். துளையின் உட்புறத்தில் ரெசின் தடவிக் காயவிட்டு, கசிவு அடைக்கும் பசை போட்டு, துருப்பிடிக்காத எஃகு போல்ட்டால் முடுக்குங்கள். எல்.இ.டி.யின் பின்பக்கம் சூடாகும். காற்றுப்படும்படி விடுங்கள், பாலிதீன் சுற்றிக் கட்டாதீர்கள்.

இனி பியூஸ். பாட்டரியின் பாஸிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் பியூஸ் இருக்கணும். ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக 3 ஆம்பியர் பியூஸ். 'பியூஸ் விளக்கைக் காப்பாற்ற' என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒயர் சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பது பியூஸ். அது போனால் அதே அளவில் இன்னொன்று போடுங்கள். வெள்ளித்தாளைச் சுருட்டி வைக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

பாட்டரியைப் பெட்டிக்குள் வைத்துப் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். சார்ஜ் ஆகும்போது தீப்பற்றும் வாயு வெளிவரும். ஆகவே மூடியில் காற்றுவழி இருக்க வேண்டும். எரிபொருள் கேனை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கண்ணையும் கவனியுங்கள்

இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. பளீரென்ற விளக்கு ஒரு விநாடி கண்ணில் பட்டாலே அந்தப் பழக்கம் கலைந்துவிடும். சுக்கான் பிடிப்பவருக்கு எதிரே வருவது தெரியாது. ஆகவே தள விளக்குக்கு மேலே தகடு மறைப்பு வையுங்கள். படகு ஓடும்போது அதை அணைத்துவிடுங்கள். சுக்கான் பக்கத்தில் மங்கலான சிவப்பு விளக்கு போதும்.

திசைகாட்டிக்கு அருகில் ஒயரைக் கொண்டு போகாதீர்கள், முள் விலகும். மாட்டியபின் விளக்கைப் போட்டு, ஒயர்லெஸ் செட்டில் இரைச்சல் வருகிறதா என்றும் கேளுங்கள். சில எல்.இ.டி. விளக்குகள் செட்டைச் செவிடாக்கிவிடும். இரைச்சல் வந்தால் அந்த விளக்கை மாற்றுங்கள்.

கப்பலுக்குத் தெரிய வேண்டிய விளக்கு

இதுதான் முக்கியம். தள விளக்கு நமக்கு. வழி விளக்கு மற்றவருக்கு. முன்னோக்கி நின்றால் இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை, உயரத்தில் நான்கு பக்கமும் தெரியும் வெள்ளை. 12 மீட்டருக்குக் குறைந்த படகு ஓடும்போது இவை எரிய வேண்டும். செவுள் வலை விட்டிருக்கும்போது, கம்பத்தில் மேலே சிவப்பு, கீழே வெள்ளை. இரண்டும் நாற்புறமும் தெரிய வேண்டும். வலை 150 மீட்டருக்கு மேல் விரிந்திருந்தால், அது இருக்கும் திசையில் இன்னொரு வெள்ளை விளக்கு. இவை எல்லா நாட்டுக் கப்பலுக்கும் பொதுவான சர்வதேச விதிகள்.

இவ்வளவு சிறிய படகின் வெள்ளை விளக்கு 2 கடல் மைல் தூரத்துக்குத் தெரிய வேண்டும் என்பது விதி. மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் வரும் கப்பல் அந்தத் தூரத்தை 8 நிமிடத்தில் கடந்துவிடும். பெரிய கப்பலை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. அந்த 8 நிமிடம்தான் உங்கள் உயிருக்கான அவகாசம்.

இப்போது சிலர் திருவிழாப் பந்தல் மாதிரி சிவப்பும் பச்சையும் நீலமுமாக விளக்குப் பட்டையைப் படகில் ஒட்டுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் கப்பலில் இருப்பவருக்கு இந்தப் படகு வருகிறதா, போகிறதா, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒன்றும் புரியாது. தள விளக்கின் பளிச்சிலும் வழி விளக்கு மறைந்துபோகும். ஆகவே இரண்டுக்கும் தனித்தனி ஸ்விட்ச், தனித்தனி பியூஸ் வையுங்கள்.

தினசரி கவனிப்பு

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் விளக்கின் கண்ணாடியைத் துடையுங்கள். மாதம் ஒருமுறை இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அங்கே இணைப்பு தளர்ந்திருக்கிறது. பாட்டரி முனையில் பூத்திருந்தால் தேய்த்துவிட்டு கிரீஸ் தடவுங்கள். உதிரி பியூஸ் ஐந்தாறும், நீர் புகாத டார்ச்சு ஒன்றும் படகிலேயே இருக்கட்டும். உயிர்காப்புச் சட்டை உடம்பில் இருக்கட்டும். பலகைக்கு அடியில் கிடந்தால் யாருக்குப் பயன்?

படகை வண்ணம் பூசக் கரையேற்றும்போது இந்த வேலையையும் சேர்த்துச் செய்துவிடலாம். மாட்டிய அன்று இருட்டியதும் விளக்குகளைப் போட்டுவிட்டு, கரையில் இரண்டு பர்லாங்கு தள்ளிப் போய் நின்று உங்கள் படகைப் பாருங்கள். சிவப்பு, பச்சை, வெள்ளை தெளிவாகத் தெரிந்தால், நிம்மதியாகக் கடலுக்குப் போகலாம். வீட்டில் இருப்பவர்களும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.