காற்றின் எடையும் கடலின் உப்பும்

நம் கல்வராயன் மலையில் பிறந்து, கச்சிராயபாளையத்தை அடுத்த அணையில் தேங்கும் கோமுகி ஆற்றின் நீர் நன்னீர். மன்னார் வளைகுடாவின் நீரோ உப்பு நீர். இவ்விரண்டிலும் ஒருவர் மூழ்க வேண்டுமானால், அவர் இடுப்பில் கட்டும் ஈயக் கட்டிகளின் எடை ஒன்றாக இருக்கலாமா? கூடாது. ஏன் என்பதைப் பார்ப்போம்.

பாத்திரத்து நீரில் புதிய கோழிமுட்டையை இட்டால் அது அடியில் தங்கும். நிறைய உப்பைக் கரைத்தால் மேலே மிதக்கும். முட்டையின் எடை மாறவில்லை. நீரின் அடர்த்தியே மாறியது. நீரில் மூழ்கும் பொருள், தான் விலக்கும் நீரின் எடைக்குச் சமமான விசையால் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட உண்மையன்றோ? ஒரு லிட்டர் நன்னீர் 1 கிலோ. கடல்நீர் ஏறக்குறைய 1.025 கிலோ. ஆகவே, தம் கருவிகளோடு 100 லிட்டர் நீரை விலக்கும் ஒருவரைக் கடல் 2.5 கிலோ கூடுதலாகத் தூக்குகிறது. கோமுகி அணையில் போதுமாயிருந்த ஈயத்தோடு அவ்வளவையும் சேர்த்தால்தான் தூத்துக்குடிக் கடலில் மூழ்க இயலும்.

தூத்துக்குடியில் முற்காலத்தில் முத்துக்குளித்தோர், கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலூன்றிக் கடலடிக்கு விரைந்தனர். அடியை அடைந்ததும் கல்லை விட்டுவிடுவர். படகிலுள்ளோர் அதை மேலே இழுத்துக்கொள்வர். ஒரே மூச்சில் சிப்பிகளைச் சேர்த்துக்கொண்டு மேலேறிய அவர்களுக்குக் காற்றின் எடையைக் கணக்கிடும் தேவை இருக்கவில்லை.

இன்று சிலிண்டரைச் சுமந்து மூழ்கும் ஸ்கூபா வீரருக்கு அத்தேவை உண்டு. காற்றுக்கும் எடையா என வியக்க வேண்டாம். ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிராம். 12 லிட்டர் சிலிண்டரில், வளிமண்டலத்தைப்போல் 200 மடங்கு அழுத்தத்தில் சுமார் 2,400 லிட்டர் காற்று அடைக்கப்படுகிறது. அதன் எடை ஏறக்குறைய 2.9 கிலோ! மூழ்கியவர் அதில் முக்கால் பங்கைச் சுவாசித்து முடித்ததும் 2 கிலோவுக்குமேல் எடை குறைந்துவிடும். சிலிண்டரின் பருமனோ குறைவதில்லை. ஆதலால் நீர் அவரை மேலே தள்ளுகிறது.

இதில்தான் ஆபத்து உள்ளது. மேலேறும்போது 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் தங்கி, உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற இடம் கொடுப்பது வழக்கம். எடை போதாதவர் அங்கே நிற்க முடியாமல் மேலே உந்தப்படுவார். 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் உள்ள காற்று, மேற்பரப்பை அடைகையில் இரு மடங்காக விரியும். மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியவும் கூடும். எனவேதான், நிறைந்த சிலிண்டரோடு இறங்கும் நேரத்துக்கன்றி, காற்றுக் குறைந்து திரும்பும் நேரத்துக்கே எடையைக் கணக்கிட வேண்டும். அளவுக்கு மிஞ்சினாலோ அடியாழத்துக்கு இழுக்கப்படுவார்.

தோழியரே, நாம் அற்பமென எண்ணும் உப்பும், கண்ணுக்குப் புலப்படாத காற்றும் ஓர் உயிரைக் காக்கும் கணக்கில் இடம்பெறுவதைக் கண்டோம். இறைவனின் படைப்பில் எடையற்றது, பொருளற்றது என்று எதைத்தான் ஒதுக்க முடியும்?