மகாவலி நீரும் கணனியின் கணக்கும்

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறிச் செல்வோர், இறம்பொடையை அடையுமுன் பள்ளத்தாக்கிலே பரந்து கிடக்கும் கொத்மலை நீர்த்தேக்கத்தைக் காண்பர். 1985ஆம் ஆண்டில் நிறைவெய்திய இத்தேக்கம் 174 மில்லியன் கனமீற்றர் நீரைக் கொள்ள வல்லது. தேயிலைச் சரிவுகளிற் பெய்யும் மழை ஓடையாகவும் அருவியாகவும் இதனுட் சேர்கின்றது. சேர்ந்த நீரை எப்பொழுது, எவ்வளவு, எவ்விடத்துக்கு விடுவது? எளியதாகத் தோன்றும் இவ்வினா நாட்டின் நெல்லையும் மின்சாரத்தையும் ஒருங்கே தொடுவதாகும்.

கொத்மலை நீர் மகாவலியோடு கலந்து, பேராதனையைக் கடந்து, கண்டிக்கு அருகேயுள்ள பொல்கொல்லத் தடுப்பணையை அடைகின்றது. வழக்கு எழுவது இங்கேதான். 1976 முதல் ஆற்றின் ஒரு பகுதி, மலையைக் குடைந்தமைத்த ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்நிலையத்துக்குத் திருப்பப்படுகின்றது. அது பின்னர் போவத்தன்னையைக் கடந்து, கலா வாவி முதலிய குளங்களை நிரப்பி, வடமத்தியின் வயல்களுக்குப் பாய்கின்றது. திருப்பப்படாத நீரோ ஆற்றின் வழியே இறங்கி, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே ஆகிய மூன்று மின்நிலையங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக இயக்கி, மினிப்பேக்குக் கீழுள்ள வயல்களுக்கும் உதவுகின்றது.

ஒரு கனமீற்றர் நீர் 100 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்ந்தால் ஏறக்குறையக் கால் அலகு மின்சாரம் கிடைக்கும். ஆற்றுவழியில் நீர் வீழும் உயரம் சுரங்கவழியிலும் மிகுதி. உக்குவளையின் திறன் 40 மெகாவாற்று, விக்டோரியாவினதோ 210. ஆகவே பொல்கொல்லையில் வடக்கே திரும்பும் ஒவ்வொரு துளியும் மின்சார சபைக்கு நட்டம். திரும்பாத ஒவ்வொரு துளியும் கலா வாவி உழவனுக்கு நட்டம். மழை பொய்த்த ஆண்டில் எரிபொருளை எரித்தே மின்சாரம் ஆக்கவேண்டும். அதற்கு அந்நியச் செலாவணி வேண்டும். நீரின்றிக் கருகிய பயிரையோ எந்தச் செலாவணி கொண்டும் மீட்க இயலாது.

இத்தகைய சிக்கலைக் கைக்கணக்கால் தீர்ப்பது அரிது. அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்திலே 1955இல் தொடங்கிய ஆய்வு, ஆற்று வடிநிலங்களைக் கணனியில் இயக்கிப் பார்க்கும் முறைக்கு வழிகாட்டிற்று. 1980களில் கனடாவின் ஏக்கர்ஸ் என்னும் பொறியியல் நிறுவனம் மகாவலிக்கெனத் தன் கணனி மாதிரியுருவைப் பொருத்தித் தந்தது.

அதன் அடிப்படை இல்லத்தரசியின் அரிசிப் பானைக் கணக்கே. இருந்த நீரோடு வந்த நீரைக் கூட்டி, விட்ட நீரையும் ஆவியானதையும் கழித்தால், எஞ்சியது நாளைய இருப்பு. தேக்கங்களும் குளங்களும் புள்ளிகளாகவும், ஆறுகளும் கால்வாய்களும் அவற்றை இணைக்கும் கோடுகளாகவும் அமையும். பல ஆண்டுகளாக அளந்து வைத்த நீர்வரத்தை அதனுட் செலுத்தி, பொல்கொல்லையில் இவ்வளவு திருப்பினால் எத்தனை பெரும்போகங்கள் நிறைவாகும், எத்தனை சிறுபோகங்கள் குறைவுபடும், மின்சாரம் எவ்வளவு குன்றும் என வினவலாம். முன்னாளில் பத்தாண்டு காத்திருந்து அறியவேண்டியதனை ஒரு பொழுதில் அறியலாம்.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. இலக்கிலிருந்து விலகும் ஒவ்வொரு குறைவுக்கும் ஒரு தண்டப்புள்ளி கணனிக்குக் கொடுக்கப்படுகின்றது; மொத்தத் தண்டம் மிகக் குறையும் வழியையே அது தேடும். வயலின் வறட்சிக்கு எத்தனை புள்ளி, நகரின் இருளுக்கு எத்தனை புள்ளி என்பதைக் கணனி வகுப்பதில்லை. அதை வகுப்போர் மனிதரே. இயந்திரம் கூறிற்று என்று சொல்லி அப்பொறுப்பை எவரும் தட்டிக் கழிக்க இயலாது. ஆதலினாலேயே போகந்தோறும் மகாவலி அதிகார சபை, நீர்ப்பாசனத் திணைக்களம், மின்சார சபை ஆகியவற்றின் அதிகாரிகள் ஒன்றுகூடி, கணனியின் விடையை முன்வைத்து வாதித்த பின்னரே நீர்ப்பங்கீடு முடிவாகின்றது. மழை மாறினால் முடிவும் திருத்தப்படும்.

இன்னொரு குறையும் உண்டு. கணனி அறிந்தது கடந்த கால மழையை மட்டுமே. வருங்கால மழை அதே போக்கில் பெய்யும் என்பதற்கு உறுதி இல்லை. மலைச்சரிவுகளிலிருந்து அரித்து வரும் மண்ணோ ஆண்டுதோறும் தேக்கங்களின் கொள்ளளவைக் குறைக்கின்றது. பொல்கொல்லத் தேக்கம் கட்டி முடித்த சில ஆண்டுகளிலேயே வண்டலாற் பெரிதும் தூர்ந்து போயிற்று. அடித்தளத்தை மீண்டும் அளந்து புதிய எண்களைக் கொடுத்தாலன்றி, இல்லாத நீரை இருப்பதாகவே கணனி கணக்கிற் கொள்ளும்.